திருமணம் இல்லாமல் இருவர் பெயரில் வாங்கிய வீடு: பிரிந்தபோது நாங்கள் கணக்குத் தீர்த்த விதம்

2016-ஆம் ஆண்டில் நானும் அப்போது என்னுடன் வாழ்ந்தவரும் சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் ஒரு மறுவிற்பனைக் கொண்டோமினிய (தனியார் அடுக்குமாடி) வீட்டை இருவர் பெயரிலும் வாங்கினோம். எங்களுக்குத் திருமணம் நடந்திருக்கவில்லை. இரு குடும்பத்தாரும் வற்புறுத்தியும் அது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. 2023 இறுதியில் பிரிவது என்று முடிவாயிற்று. 2024-இல் வீட்டை விற்று, நீதிமன்றப் படி ஏறாமல் கொடுக்கல் வாங்கலை முடித்துக்கொண்டோம். நம் சமூகத்தில் இப்படி வாழ்பவர்கள் இதைப் பற்றி வெளியே பேசுவதில்லை. அதனால் பிரியும் வேளையில் யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் தவிக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

மணமுறிவு பெறும் தம்பதியருக்குச் சிங்கப்பூரில் மாதர் சாசனம் என்ற குடும்பச் சட்டம் இருக்கிறது. அதன் 112-ஆம் பிரிவின் கீழ், குடும்பச் சொத்தை நியாயமான முறையில் பிரித்துத் தரும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. வீட்டைப் பார்த்துக்கொண்டதும், பிள்ளை வளர்த்ததும், நோயில் கிடந்த மாமியாரைக் கவனித்ததும் அங்கே எடை பெறும். பதிவுத் திருமணம் செய்யாத எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கதவு கிடையாது. பத்து ஆண்டுகள் ஒரே சமையலறையில் சேர்ந்து சமைத்திருந்தாலும், சட்டத்தின் முன் நாங்கள் ஒரு சொத்தின் இரண்டு உரிமையாளர்கள் மட்டுமே. பத்திரத்தில் யார் பெயர் எப்படி இருக்கிறது, வாங்கியபோது யார் எவ்வளவு பணம் போட்டார் என்பவைதாம் முதலில் பார்க்கப்படும். 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழங்கிய ஒரு முக்கியமான தீர்ப்பு இதைத் தெளிவாக்கியது. கொள்முதல் விலைக்கு ஒவ்வொருவரும் தந்த பங்குக்கு ஏற்பவே உரிமையும் அமையும் என்ற அனுமானத்திலிருந்து தொடங்க வேண்டும். இருவருக்கும் வேறு பொதுவான நோக்கம் இருந்தது என்பதற்குப் போதிய சான்று இருந்தால் மட்டுமே அது மாறும். மாதத் தவணையைப் பிற்பாடு யார் கட்டினார் என்பதைவிட, அதை யார் கட்டுவது என்று வாங்கும்போதே செய்துகொண்ட உடன்பாட்டுக்குத்தான் வலு அதிகம்.

இதை எங்கள் வழக்கறிஞர்கள் தனித்தனியே விளக்கினார்கள். தனித்தனியே என்பதை அழுத்திச் சொல்கிறேன். பிரியும் இருவருக்கும் ஒரே வழக்கறிஞர் ஆலோசனை சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. விளக்கத்தைக் கேட்டபின் எனக்கு ஒன்று உறுதியாயிற்று. சட்டம் கணக்கில் எடுக்காத உழைப்புக்கும் விட்டுக்கொடுத்தலுக்கும் மதிப்பு வேண்டுமென்றால், அதை நாங்களே பேசி, நாங்களே எழுதி, இருவரும் கையெழுத்திட்டு உண்டாக்கிக்கொள்ள வேண்டும். பிறகு நடந்த எல்லாப் பேச்சிலும் நான் இதையே பிடித்துக்கொண்டேன்.

எங்கள் எண்களைத் தருகிறேன். சில்லறையை விட்டு முழுமையாக்கிய எண்கள் இவை. வீட்டின் விலை 900,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). நான் சிங்கப்பூர்க் குடிமகள். அவர் திருச்சியிலிருந்து வந்து நிரந்தரவாசியானவர். அப்போது எனக்கு 35 வயது நிரம்பவில்லை. அவருக்கோ குடியுரிமை இல்லை. ஆகவே ஒண்டிக்கட்டைகளாகச் சேர்ந்து வீவக வீடு, அதாவது அரசு அமைப்பான வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீடு, வாங்கும் வழி எங்களுக்கு அடைபட்டிருந்தது. வங்கி 80 விழுக்காடு, அதாவது 720,000 வெள்ளி கடன் தந்தது. மீதி 180,000 வெள்ளியில் 45,000 ரொக்கம். அதை ஆளுக்குப் பாதியாகப் போட்டோம். 135,000 வெள்ளி, சம்பளத்திலிருந்து கட்டாயமாகச் சேமிக்கப்படும் மத்திய சேம நிதியிலிருந்து போயிற்று. அதில் அவருடையது 90,000, என்னுடையது 45,000. முத்திரைத் தீர்வை 21,600 வெள்ளியைப் பகிர்ந்துகொண்டோம். அதற்கு மேல் கூடுதல் முத்திரைத் தீர்வை என்று 45,000 வெள்ளி வந்தது. இருவர் சேர்ந்து வாங்கும்போது, இருவரில் யாருக்கு உயர்ந்த விகிதமோ அதுவே முழு விலைக்கும் விதிக்கப்படும். நிரந்தரவாசியின் முதல் வீட்டுக்கு அது 5 விழுக்காடு. முறைப்படி மணந்தவர்களில் ஒருவர் குடிமகனாகவோ குடிமகளாகவோ இருந்து, இருவருக்கும் வேறு வீடு இல்லாதிருந்தால் அந்தத் தீர்வைக்கு விலக்கு உண்டு. எங்களுக்கு இல்லை. அந்த 45,000 வெள்ளியை அவர் ரொக்கமாகக் கட்டினார். வீட்டைப் புதுப்பிக்க ஏறத்தாழ 40,000 வெள்ளியை நான் செலவிட்டேன். தவணையை இருவரும் சேம நிதியிலிருந்து சரிபாதியாகக் கட்டி வந்தோம்.

பிரிவு உறுதியானதும் வழக்கறிஞர் முதலில் செய்யச் சொன்னது விற்பனை தொடர்பான வேலை அன்று. வீட்டை நாங்கள் ஜாயின்ட் டெனன்சி எனப்படும் கூட்டு உரிமையில் வைத்திருந்தோம். அந்த முறையில் ஒருவர் இறந்துவிட்டால் வீடு முழுவதும் மற்றவருக்குப் போய்விடும். உயிலில் என்ன எழுதியிருந்தாலும் அது எடுபடாது. பிரிந்து வாழும் மாதங்களில் எனக்கு ஏதாவது நேர்ந்திருந்தால் என் தங்கைக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. அவருக்கு நேர்ந்திருந்தால் திருச்சியில் இருக்கும் அவருடைய பெற்றோர் கைவிடப்பட்டிருப்பார்கள். நிலப் பதிவுச் சட்டத்தின்படி கூட்டு உரிமையாளர் ஒருவர் முறையான அறிவிப்புப் பத்திரத்தை மற்றவருக்கு அனுப்பி, சிங்கப்பூர் நில ஆணையத்தில் பதிந்தால், அந்த உரிமை ஆளுக்குச் சம பங்காகப் பிரிந்துவிடும். தனியார் வீட்டில் இதற்கு மற்றவரின் சம்மதம் தேவையில்லை. ஆனாலும் நான் அவரிடம் சொல்லிவிட்டே செய்தேன். தபாலில் வரும் சட்டக் காகிதம் போர் அறிவிப்பாகத் தோன்றக்கூடும். முன்னதாக ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் அந்தக் கசப்பு வராது.

அடுத்தது, விற்கும் வரை அங்கே யார் இருப்பது, கடனை யார் கட்டுவது என்ற கேள்வி. அவர் உட்லண்ட்ஸில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் வீட்டிலேயே இருந்தேன். வங்கியைப் பொறுத்தவரை கடனுக்கு இருவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் முழுப் பொறுப்பாளிகள். ஒருவர் வெளியேறிவிட்டார் என்பதற்காக அவருடைய பாதி குறையாது. ஒருவர் கட்டாமல் விட்டால் இருவரின் கடன் வரலாறும் கெடும். "வீட்டை நீ அனுபவிக்கிறாய், வெளியே வாடகை கட்டுவது நான்" என்று அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆகவே தவணையின் வட்டிப் பகுதியை நான் மட்டும் ஏற்பது, அசல் பகுதியைப் பாதிப் பாதியாகக் கட்டுவது என்று தீர்மானித்தோம். அசல் குறைந்தால் பயன் இருவருக்கும் சேரும். வட்டி என்பது அந்த மாதம் குடியிருப்பதற்கான விலை. ஏறக்குறைய எல்லா இணையருக்கும் இது ஒத்துவரும் ஏற்பாடு என்பது என் கருத்து. இதை மின்னஞ்சலில் எழுதி, அவரும் "சம்மதம்" என்று பதில் அனுப்பிய பிறகே நடைமுறைப்படுத்தினோம்.

வீட்டை நானே வைத்துக்கொள்ள விரும்பினேன். அதற்கு அவருடைய பாதியை நான் விலைக்கு வாங்க வேண்டும். மதிப்பீட்டாளர் 1,240,000 வெள்ளி என்று மதிப்பிட்டார். பாதி 620,000, அதற்கு மட்டும் 13,200 வெள்ளி முத்திரைத் தீர்வை. எனக்கு வேறு வீடு இல்லாததால் கூடுதல் தீர்வை இல்லை. அவர் என் பாதியை வாங்கியிருந்தால் நிரந்தரவாசி என்பதால் மேலும் 31,000 வெள்ளி கட்ட நேர்ந்திருக்கும். தீர்வையைக் கூடச் சமாளித்திருப்பேன், தடுத்தது வங்கி. ஒருவர் விலகினால் பழைய கடன் அப்படியே தொடராது. மீதமிருப்பவர் தன் ஊதியத்தை மட்டும் காட்டிப் புதுக் கடன் பெற வேண்டும். எல்லாக் கடன்களின் மாதத் தவணையும் ஊதியத்தில் 55 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அந்தத் தவணையையும், உண்மை வட்டி எவ்வளவு குறைவாக இருந்தாலும், 4 விழுக்காட்டுக்குக் குறையாத வட்டியில் கணக்கிட்டுத்தான் பார்ப்பார்கள். எனக்கு 860,000 வெள்ளி தேவைப்பட்டது. 24 ஆண்டுத் தவணைக்கு அது மாதம் ஏறத்தாழ 4,650 வெள்ளி. வேறு கடனே இல்லாவிட்டாலும் ஊதியம் 8,450 வெள்ளி இருந்தாக வேண்டும். என் ஊதியம் அதற்கு எட்டவில்லை. மனம் வலித்தாலும் அன்றே விற்பது என்று முடிவுசெய்தேன். இந்தக் கணக்கை வங்கியில் முதல் வாரமே போட்டுப் பாருங்கள். "வீடு யாருக்கு?" என்று மாதக்கணக்கில் வாதாடிய பிறகு, இருவராலும் அதைத் தனியே தாங்க முடியாது என்று தெரிய வருவதைப் போன்ற வீண் வேதனை வேறில்லை.

பணத்தைப் பங்கிடுவதுதான் உண்மையில் கடினமான பகுதி. என் சித்தப்பா வங்கியில் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். இருவருக்கும் அவர்மேல் மரியாதை உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் எங்கள் சாப்பாட்டு மேசையில் அவரையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். "யாருக்கு எவ்வளவு என்பது அப்புறம் தம்பி. முதலில் எந்தத் தொகையைப் பிரிக்கிறோம் என்று இருவரும் ஒரே காகிதத்தில் எழுதுங்கள்" என்றார் அவர். இருவரும் கைப்பேசியில் சிங்பாஸ் என்ற அரசு மின் அடையாளம் மூலம் மத்திய சேம நிதிக் கழகத்தின் இணையத்தளத்துக்குள் போய், வீட்டுக்காக எடுத்த அசலையும் அதன்மேல் ஏறியிருக்கும் வட்டியையும் பார்த்து எழுதினோம். சேம நிதியிலிருந்து வீட்டுக்கு எடுத்த பணத்தை, வீட்டை விற்கும்போது, அது கணக்கிலேயே இருந்திருந்தால் ஈட்டியிருக்கும் வட்டியோடு சேர்த்து அவரவர் கணக்கில் திருப்பிப் போட வேண்டும். சாதாரணக் கணக்குக்கு அது ஆண்டுக்கு 2.5 விழுக்காடு. எட்டு ஆண்டுகளில் அவருடைய தொகை 250,000 வெள்ளியாகவும் என்னுடையது 196,000 வெள்ளியாகவும் வளர்ந்திருந்தன. சேம நிதியிலிருந்து இருவரும் தவணையைச் சரிபாதியாகவே கட்டியிருந்தோம். தொடக்கத்தில் அவர் போட்ட கூடுதல் 45,000 வெள்ளிதான், வட்டியோடு சேர்ந்து, இந்த இடைவெளியை உண்டாக்கியது.

பிறகு வீடு 1,260,000 வெள்ளிக்கு விலைபோயிற்று. கடன் பாக்கி 580,000. முகவர் கட்டணம் 2 விழுக்காடும் அதன்மேல் பொருள் சேவை வரியும், வழக்கறிஞர் செலவுமாக 30,000. எஞ்சியது 650,000 வெள்ளி. அதில் இருவரின் சேம நிதிக்கும் போக வேண்டியது 446,000; கையில் ரொக்கமாக நிற்பது 204,000.

இந்த இடத்தில் இரண்டு வழிகள் பிரிகின்றன. இரண்டையும் சரிபாதி என்றே பலர் சொல்கிறார்கள். ஒன்று, 650,000-ஐப் பாதியாக்கி ஆளுக்கு 325,000 என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து அவரவர் சேம நிதிக்குப் போவதைக் கழிப்பது. அப்படிச் செய்தால் ரொக்கத்தில் அவருக்கு 75,000-மும் எனக்கு 129,000-மும் கிடைக்கும். மற்றது, சேம நிதியை முதலில் அவரவருக்குத் திருப்பிவிட்டு, எஞ்சிய ரொக்கத்தை மட்டும் பாதியாக்குவது. அப்போது ஆளுக்கு 102,000. மொத்தத்தில் அவருக்கு 352,000, எனக்கு 298,000. இரண்டு வழிக்கும் இடையே ஆளுக்கு 27,000 வெள்ளி வேறுபாடு. முதல் வழி, பத்திரத்தில் சமம் என்றிருப்பதை மதிக்கிறது. இரண்டாவது, போட்ட முதலை வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டு லாபத்தை மட்டும் சமமாக்குகிறது. எந்த வழி என்பதை வீட்டின் விலை தெரிவதற்கு முன்பே முடிவுசெய்துகொள்வது நல்லது. விலை தெரிந்துவிட்டால் ஒவ்வொருவரும் தனக்குச் சாதகமான வழியைத்தான் நியாயம் என்று நம்பத் தொடங்குவார்கள்; அது பேராசை அன்று, மனித இயல்பு. நாங்கள் அன்று மேசையில் இரண்டாவது வழியை அடிப்படையாக ஏற்றோம். வாங்கியபோது சேம நிதியிலிருந்து அவர் இரட்டிப்புத் தொகை போட்டது உண்மை. அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து, சேம நிதியில் தெரியாத செலவுகள். கூடுதல் முத்திரைத் தீர்வை 45,000 வெள்ளியைத் தன் பங்களிப்பாக அவர் எழுதினார். அது அவருடைய நிரந்தரவாசத் தகுதியால் வந்த செலவு, வீட்டின் மதிப்பில் ஒரு காசும் சேர்க்கவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தத் தீர்வை இல்லாமல் வீடே எங்களுக்குக் கிடைத்திருக்காது. புதுப்பிப்புக்கு நான் போட்ட 40,000 வெள்ளியும் அப்படியே. விற்கும்போது தரையும் சமையலறை அலமாரியும் அதே விலைக்குப் போவதில்லை. "இரண்டையும் எதிரெதிரே நேர் செய்துவிடலாமா, மாமா?" என்று சித்தப்பாவிடம் அவரே கேட்டார். நான் சம்மதித்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்த பராமரிப்புக் கட்டணம் மட்டும் தனியே நின்றது. எட்டு ஆண்டுகளும் அதை நானே கட்டியிருந்தேன். கூட்டினால் ஏறத்தாழ 30,000 வெள்ளி. அதில் பாதி அவருடையது. அந்த 15,000 வெள்ளியை அவருடைய ரொக்கத்திலிருந்து எனக்கு மாற்றி, எனக்கு 117,000, அவருக்கு 87,000 என்று எழுதினோம். அந்தக் கட்டணத்துக்கான ரசீதுகள் எல்லாம் என் வங்கிக் கணக்கில் ஜைரோ (வங்கி தானாகவே கழித்துக் கட்டும்) பதிவுகளாக இருந்தன. பதிவு இருந்ததால் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட வாதம் எழவில்லை. மளிகைச் செலவைப் பற்றி எங்களிடம் பதிவு எதுவும் இல்லை. அதை மேசைக்குக் கொண்டுவர வேண்டாம் என்று இருவரும் ஒப்புக்கொண்டோம்.

ஒன்று மட்டும் கணக்கில் ஏறவில்லை. அவருடைய அம்மா திருச்சியிலிருந்து வந்து கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டபோது, நான் சம்பளமில்லா விடுப்பு எடுத்து அத்தையைப் பார்த்துக்கொண்டேன். அதற்கு விலை போட எனக்கு விருப்பமில்லை; அவரும் அதை மறக்கவில்லை. உடன்படிக்கையில் வீட்டுப் பொருள்களுக்கான பத்தியில், குளிர்பதனப் பெட்டி முதல் சலவை இயந்திரம் வரை எல்லாம் எனக்கே என்று அவராகவே எழுதச் சொன்னார்.

இப்படிப் பேசி முடித்ததை வழக்கறிஞர் ஓர் உடன்படிக்கையாக எழுதினார். விற்பனை விலையின் கீழ்வரம்பு, எந்த முகவர், எத்தனை மாதத்துக்குள் விற்க வேண்டும், விற்காவிட்டால் விலையை எவ்வளவு குறைப்பது, பணம் எந்த வரிசையில் பிரியும் என்பவை எல்லாம் அதில் இருந்தன. பிரிந்தவர்களின் வீட்டை விற்கும்போது விற்பவர்கள் இருவரும் கையெழுத்திட்டால்தான் வாங்குபவருக்கு விருப்ப உரிமைப் பத்திரம், அதாவது பேசிய விலைக்கு வாங்கும் உரிமையைத் தரும் பத்திரம், கொடுக்க முடியும். விலை பேசும் நேரத்தில் ஒருவர் தொலைபேசியை எடுக்காவிட்டால் வாங்குபவர் போய்விடுவார். ஆகவே 1,220,000 வெள்ளிக்கு மேல் எந்த விலை வந்தாலும் ஒரு நாளுக்குள் இருவரும் பதில் சொல்வதாக எழுதியிருந்தோம். வங்கிக் கடனின் பூட்டுக்காலம் முடிவதற்கு முன்பே அடைத்தால் பாக்கியில் 1.5 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 8,700 வெள்ளி அபராதம் வந்திருக்கும். பூட்டுக்காலம் முடியச் சில வாரங்கள் இருந்ததால், விற்பனை நிறைவடையும் தேதியை அதற்குப் பின்னால் வைத்தோம். வாங்கி நெடுங்காலம் ஆகிவிட்டதால் விற்பவருக்கான முத்திரைத் தீர்வை எங்களுக்கு இல்லை. 2025 ஜூலை 4 முதல் வாங்கிய வீடுகளை நான்கு ஆண்டுகளுக்குள் விற்றால் அது 16 விழுக்காட்டில் தொடங்கி ஆண்டுக்கு நான்கு விழுக்காடாகக் குறைந்து 4 வரை வரும். புதிதாகச் சேர்ந்து வாங்கி விரைவில் பிரிபவர்களுக்கு இது பெரிய இடி; பங்கை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டாலும் அது பொருந்தும்.

பூசை அலமாரியைப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. தேக்கில் செய்து சுவரில் திருகாணி வைத்துப் பொருத்தியிருந்த எங்கள் சாமி அலமாரியை, வீட்டோடு பொருந்தியது என்று வாங்குபவர் கருத இடமுண்டு. அது என் பாட்டி வீட்டு மரம். அதைக் கழற்றி எடுத்துக்கொள்வோம், சுவர் ஓட்டைகளை அடைத்துக் கொடுப்போம் என்று பத்திரத்திலேயே எழுதச் செய்தேன்.

பேச்சு முறியும் நிலையில் இருப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. 1997-இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் சமரச நிலையத்தில் பயிற்சி பெற்ற சமரசர்கள் இருக்கிறார்கள். நீதிமன்றச் செலவோடு ஒப்பிட்டால் அது குறைவு. அதுவும் பலிக்காவிட்டால், கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் வீட்டை விற்கும்படி உத்தரவிடக் கோரி நீதிமன்றத்தை நாடலாம். பத்திரத்தில் பெயர் இல்லாமல் பணம் மட்டும் போட்டவர்கள், வழக்கறிஞரின் ஆலோசனையோடு நில ஆணையத்தில் ஆட்சேபக் குறிப்பு ஒன்றைப் பதிந்து வைக்கலாம். அப்போது வீடு அவர்கள் அறியாமல் கைமாறாது. பிரிவில் அச்சுறுத்தலோ பின்தொடர்தலோ கலந்திருந்தால் பண விவகாரத்தைத் தள்ளிவைத்துவிட்டு, 2014-இல் இயற்றப்பட்ட துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்பு கேளுங்கள். அதற்குத் திருமணம் ஆகியிருக்கத் தேவையில்லை.

வீவக வீட்டின் கதை வேறு. நிச்சயிக்கப்பட்டவர்களாகப் பிடிஓ எனப்படும் புது வீட்டுக்கு, அது கட்டப்படுவதற்கு முன்பே பதிந்துவிட்டுச் சாவி வாங்குவதற்குள் பிரிபவர்கள் நம்மில் பலர். குத்தகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் விலகினால் முன்பணம் போகும். நாலறை வீட்டுக்கு அது 2,000 வெள்ளி. கையெழுத்திட்ட பின் விலகினால் வீட்டு விலையில் 5 விழுக்காடு போய்விடும். மறுபடி விண்ணப்பிக்க ஓராண்டு காத்திருக்கவும் வேண்டும். அந்தத் தொகையைப் பார்த்துப் பயந்து, "கல்யாணத்தை முடித்துவிட்டால் வீடாவது மிஞ்சும்" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 5 விழுக்காடு என்பது சம்பாதித்து ஈடுகட்டக்கூடிய இழப்பு. மனமில்லாத திருமணம் அப்படியானது அன்று. 35 வயது கடந்த குடிமக்கள் சேர்ந்து வாங்கிய வீட்டில் ஒருவர் விலகுவதும் எளிதன்று. விற்காமல் உரிமையை மாற்றுவதற்கு வீவக ஏற்கும் காரணங்கள் திருமணம், மணமுறிவு, உரிமையாளர் மரணம், பொருளாதாரச் சிரமம், குடியுரிமை துறத்தல், மருத்துவக் காரணம் ஆகியவையே. "நாங்கள் பிரிந்துவிட்டோம்" என்பது அவற்றில் இல்லை. எனவே பெரும்பாலும் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலமான ஐந்து ஆண்டு வரை பொறுத்திருந்து விற்கவே நேரும். பிளஸ், பிரைம் வகை வீடுகளுக்கு அது பத்து ஆண்டு. விற்கும்போதும் அந்தப் புளோக்கின் இன விகிதத்தை, அதாவது ஒவ்வோர் இனத்தாரும் எத்தனை வீடுகள் வரை வைத்திருக்கலாம் என்ற வரம்பை, பார்க்க வேண்டும். இந்திய உரிமையாளர் சீனருக்கு விற்க முடியாத புளோக்குகளில் வாங்குபவர்கள் குறைவு. விலையும் அதற்கேற்பக் குறையும். பங்கிடும் கணக்கில் அதை முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்து வாழ்ந்து இனிமேல் வாங்கப் போகிறவர்களிடம் நான் வேண்டிக்கொள்வது, பத்திரத்தில் கையெழுத்திடும் அதே நாளில் ஒரு பக்க உடன்படிக்கையாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்பதே. யார் எவ்வளவு போடுகிறோம், தவணையை யார் கட்டுவது, பிரிந்தால் யாருக்கு முதலில் வாங்கும் வாய்ப்பு, அதற்கு எத்தனை மாதம், மதிப்பீட்டை யார் செய்வது என்பவை போதும். பங்கு சமமாக இல்லாவிட்டால் கூட்டு உரிமையைத் தவிர்த்து, 60-க்கு 40 என்பது போலப் பங்கைக் குறிப்பிட்டே பதியலாம். "இப்போதே பிரிவைப் பற்றி ஏன் பேச வேண்டும்?" என்று உறவினர்கள் கேட்பார்கள். மணந்தவர்களுக்குச் சட்டம் எழுதி வைத்திருப்பதை நாமே எழுதிக்கொள்கிறோம் என்று சொல்லுங்கள்.

விற்றபின் என் வழியில் இன்னொரு விதியும் நின்றது. 2022 செப்டம்பர் 30 முதல், தனியார் வீட்டை விற்றவர்கள் மானியமில்லாத மறுவிற்பனை வீவக வீட்டை வாங்க 15 மாதங்கள் காத்திருக்க வேண்டும். 55 வயது நிரம்பியவர்கள் நாலறை அல்லது அதைவிடச் சிறிய வீட்டுக்கு மாறினால் மட்டும் விலக்கு. கைக்கு வந்த ரொக்கத்தில் ஒரு பகுதியை அந்தக் கால வாடகைக்கென்று ஒதுக்கி வைத்ததால் தங்கை வீட்டில் பாரமாக இருக்க நேரவில்லை. பங்குத் தொகையைத் திட்டமிடும் ஒற்றையர்கள் இந்த 15 மாத வாடகையையும் செலவாக எழுதிக்கொள்ள வேண்டும். எங்கள் வட்டாரத்தில் ஓர் அறைக்கே மாதம் ஆயிரம் வெள்ளிக்கு மேல் கேட்கிறார்கள்.

நான் இறந்தால் சேம நிதிப் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று குறிக்கும் நியமனத்தையும் மாற்றினேன். திருமணம் செய்துகொண்டால் பழைய நியமனம் தானாக ரத்தாகும், பிரிவால் ரத்தாகாது. நான் நெடுநாள் முன்பு அவர் பெயரை எழுதியிருந்தேன். வீட்டை விற்றதும் திரும்பி வந்த 196,000 வெள்ளி முழுவதும் அந்தக் கணக்கில்தான் விழுந்தது. உயிலில் எழுதினாலும் சேம நிதிப் பணம் அதற்குக் கட்டுப்படாது என்பதால் தங்கை பெயரில் புது நியமனத்தைத் தனியே செய்தேன். அவரும் தம் பெற்றோர் பெயரில் மாற்றிக்கொண்டார். கூட்டு வங்கிக் கணக்கை, பராமரிப்புக் கட்டணத்தின் கடைசித் தவணையும் சொத்து வரியின் மீதியும் தீர்ந்த பிறகே மூடினோம். காத்திருப்புக் காலம் முடிந்ததும் உட்லண்ட்ஸில் ஒரு மூவறை வீவக வீட்டை என் பெயரில் மட்டும் வாங்கினேன். அந்தப் புளோக்கில் இந்தியருக்கு இடம் இருக்கிறதா என்று வீவக இணையத்தளத்தில் பார்த்த பிறகே முன்பணம் கொடுத்தேன். அந்த விகிதக் கணக்கு ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று புதுப்பிக்கப்படுகிறது.